நாய்க்கு ஒரு நற்பெயர்

இறைவன் ஆதம் நபிக்கு முதன்முதலாகக் கற்பித்தது பெயர்களையே என்று திருமறை கூறுகிறது. மாந்தனின் முதற்பாடம் பெயர்ப்பாடம் என்பது இதனால் பெறப்படும். நம் தொல்காப்பியரும் சொல்லதிகாரத்தில் பெயருக்கெனத் தனியே ஓர் இயல் வகுத்தார். மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கும்போது, நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிகளையும் குருளை என வழங்குதல் மரபு என்றார். ஆயின் குருளை என்பது இனம் பற்றிய பெயர். இனத்துள் ஒன்றைத் தனியே பிரித்து அழைக்கும் பெயரை இலக்கண நூல் தருவதில்லை; அதனை உடன் வாழ்வோரே தருதல் வேண்டும். அவ்வாறு ஒரு குருளைக்குப் பெயர் தேடி நம் குடும்பத்தார் சில நாள் பட்ட பாட்டையும், அதன் வழியே நமக்குப் புலனான ஓர் உண்மையையும் மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓசூர் எல்லை நகரம். பெங்களூர் அங்கிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர்ப் பேருந்து, மொபெட், கைக்கடிகாரம் எனப் பல பொருள்கள் அங்கே உருவாயின. அவற்றோடு பல மொழிகளும் வந்து சேர்ந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் முன்பே வழங்கிய அந்நிலத்தில் இன்று இந்தியும் ஒடியாவும் வங்கமும் தேநீர்க் கடைதோறும் கேட்கின்றன. நம் அக்காவின் மகன் அத்தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பயிற்சித் தொழிலாளியாக இருக்கிறான். வேலை முடிந்த மாலைப்பொழுதில், தங்கியிருக்கும் விடுதிக்கு அருகிலுள்ள ஆடுகளத்தில் அவனும் தோழர்களும் கூடைப்பந்து ஆடுவார்கள். ஒருவன் தாய்மொழி மற்றவனுக்குத் தெரியாது. ஆயினும் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவர்கள் அனைவருக்கும் தெரியும். அப்பெயர்களே அவர்களுக்குப் பொதுமொழி.

1891ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் மாட்டித் தொடங்கிய விளையாட்டு இது. அதனாலேயே நாமும் அதனைக் கூடைப்பந்து என்கிறோம். பழக்கூடையில் பிறந்த அவ்விளையாட்டு, மாம்பழக் கூடைக்குப் பெயர்பெற்ற கிருட்டிணகிரி மாவட்டத்தின் இளைஞர்களை ஆட்கொண்டிருப்பது பொருத்தமே.

சென்ற ஆண்டு அவ்வாடுகளத்தின் பின்புறம் தெருநாய் ஒன்று ஐந்து குட்டிகளை ஈன்றது. நான்கு ஆண், ஒன்று பெண். பிள்ளைகள் பால் வாங்கி ஊற்றி அவற்றைக் காத்தனர். பின்னர்ப் பெயர்சூட்டு விழா தொடங்கிற்று. துள்ளித் தாவிய குட்டிக்கு ஜோர்டான் என்று பெயர். சிகாகோ அணிக்கு ஆறு முறை வாகை சூடித் தந்தவர் அவர். கண்முன்னே நின்று நொடியில் மறையும் குட்டிக்கு மேஜிக் என்று பெயர். எர்வின் ஜான்சன் என்னும் ஆட்டக்காரருக்குப் பள்ளிப் பருவத்திலேயே ஒரு செய்தியாளர் இட்ட பட்டம் அது. பருத்துக் கொழுத்த குட்டியை முதலில் ஷாக் என்றார்கள். ஏழடிக்கு மேல் வளர்ந்த ஷாகில் ஓ'நீலின் சுருக்கப் பெயர். பிறகு ஒருவன், 2020ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்ட கோபி பிரையன்ட்டின் நினைவாக அக்குட்டிக்குக் கோபி என்று மாற்றிப் பெயரிட வேண்டும் என்றான்.

இங்கேதான் முதல் தடை எழுந்தது. தமிழில் கோபி என்பது கோபாலகிருட்டிணனுக்கும் கோபிநாதனுக்கும் உரிய செல்லப் பெயர். ஓசூர்த் தெருவில் நின்று அப்பெயரை உரக்கச் சொன்னால் மனிதர் இருவராவது திரும்பிப் பார்ப்பர். "வேண்டாம், சண்டையில் முடியும்" என்று தோழர்கள் கைவிட்டனர். குட்டி மீண்டும் ஷாக் ஆயிற்று. அமெரிக்க ஆட்டக்காரரின் பெயருக்கே ஒரு நீண்ட வரலாறு உண்டு. உணவகம் ஒன்றின் உணவுப் பட்டியலில் கண்ட ஜப்பானியக் கோபே மாட்டிறைச்சியின் பெயரைத்தான் பெற்றோர் அவருக்குச் சூட்டினர். அவ்விறைச்சிக்கு அப்பெயர் வந்தது கோபே நகரத்தால். நகரத்திலிருந்து இறைச்சிக்கும், இறைச்சியிலிருந்து குழந்தைக்கும் வந்த பெயர், ஓசூரில் ஒரு நாய்க்குட்டியின் வாயில்வரை வந்து திரும்பிச் சென்றது.

இரண்டாம் தடை பெண்குட்டியால் வந்தது. தோழர்களுள் ஒருவன், "இதற்கு மட்டும் ஏன் அயல்நாட்டுப் பெயர்? நம் அனிதா பால்துரை பெயரை வைப்போம்" என்றானாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். 2021ஆம் ஆண்டு பத்மஶ்ரீ விருது பெற்றவர். அவன் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் கொதித்தெழுந்தனராம். "அந்த அக்கா பெயரை நாய்க்கு வைப்பதா? உனக்கு அறிவிருக்கிறதா?" என்று அதட்டினர். பெண்குட்டிக்குப் பெயர் வைக்காமலேயே விட்டுவிட்டனர். இந்நிகழ்ச்சியை நம் மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னான். நாம் சிரிக்கவில்லை. ஜோர்டானுக்குப் பெருமையாகத் தோன்றிய ஒரு செயல் அனிதாவுக்கு இழிவாகத் தோன்றியது எதனால் என்னும் வினா நம் உள்ளத்தில் அன்றே விழுந்துவிட்டது.

நான்காம் ஆண்குட்டி நெடிய கால்களை உடையது. அதனை நம் மருமகன் தனக்கென எடுத்துக்கொண்டு கரீம் என்று பெயரிட்டான். ஏழடி இரண்டங்குல உயரமும், ஒற்றைக் கையை வானளாவ உயர்த்திப் பந்தை வளைத்தெறியும் ஸ்கைஹூக் வீச்சும் உடைய கரீம் அப்துல் ஜப்பாரை அறியாத கூடைப்பந்து அன்பர் இலர். 1984 முதல் 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் முறியடிக்கும் வரை, என்.பி.ஏ. போட்டிகளில் மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் என்னும் சாதனை அவரிடமே இருந்தது. அவர் எடுத்த புள்ளிகள் 38,387.

காவேரிப்பட்டினத்தை அடுத்த மாந்தோப்பில் நம் அக்காவின் வீடு உள்ளது. காய்ப்புக் காலத்தில் தோப்புக்குக் காவல் தேவை. காவலுக்கும் மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் நாய் வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆதலால் மருமகன் ஒரு சனிக்கிழமை மாலை குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தபோது வீட்டில் எவரும் மறுக்கவில்லை. நம் அன்னையார் அக்காவோடுதான் வாழ்கிறார். அவரே தோப்புக் கொட்டகையில் பழைய சாக்கை விரித்து அதற்கு இடம் ஒதுக்கினார். மருமகன் மகிழ்ந்து, "நன்னி, இதன் பெயர் கரீம்" என்றான். அன்னையார் கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கரீம் என்பது இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. ஈகையும் கண்ணியமும் நிறைந்தவன் என்பது அதன் பொருள். அதுவே போதிய காரணம். அதற்கும் மேலாக ஒன்று உண்டு. அச்சொல் மறைந்த நம் தந்தையார் பெயரிலும் அமைந்திருந்தது. கணவர் பெயரைச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்த அன்னையார், மணவாழ்க்கை முழுவதும் அப்பெயரை ஒருமுறையேனும் வாய்விட்டுக் கூறியவர் அல்லர். குடும்ப அட்டை வழங்கும் அலுவலர் கேட்டபோதும் பிள்ளைகளாகிய நம்மைப் பார்த்துச் சொல்லச் சொன்னவர். மறுநாட் காலையில் மருமகனிடம் அவர் சொன்னது இவ்வளவே: "ஐம்பது வருசமா நான் வாயில எடுக்காத பேருடா அது. அதைச் சொல்லி 'சீ, வெளியே போ'ன்னு எப்படிச் சொல்லுவேன்?"

மருமகன் எளிதில் அடங்குபவன் அல்லன். "மாமா, நான் அந்த ஆட்டக்காரரை நேசித்துத்தானே வைத்தேன்? கேலி செய்யவா வைத்தேன்? பக்கத்துத் தோப்பு நாய்க்குத் திப்பு என்று பெயர். நன்னி அதைத் தினமும் கல்லெடுத்து விரட்டுகிறார். அப்போது வராத வருத்தம் இப்போது ஏன்?" என்று நம்மிடம் வழக்குரைத்தான். அவ்வினா எளிதன்று. அதனை நாம் ஒதுக்கவும் இல்லை.

திப்பு என்னும் பெயர் நம் வட்டாரத்தில் நாய்க்கு எங்ஙனம் வந்தது? 1791 சூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருட்டிணகிரியை உள்ளிட்ட பாரமகால் நாடு கும்பினியின் உடைமையாயிற்று. 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் தம் கோட்டையில் பொருது மாண்டார். தம்மை நடுங்க வைத்த அவ்வேந்தரின் பெயரை வெள்ளையர் தம் நாய்களுக்கு இட்டு ஆறுதல் கொண்டனர் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நம்மவரோ நாய்க்கு டாமி என்றும் ஜிம்மி என்றும் பெயரிட்டனர். டாமி என்பது ஆங்கிலேயப் படைவீரனுக்கு அவர்கள் நாட்டில் வழங்கும் செல்லப் பெயர். அவர்கள் வாசலில் திப்பு வாலாட்டிற்று. நம் வாசலில் டாமி வாலாட்டிற்று. இன்று திப்பு என்று தம் நாயை அழைக்கும் தோப்புக்காரருக்குச் சுல்தான் மீது பகையும் இல்லை. டாமி என்று அழைப்பவருக்கு வெள்ளையர் மீது சினமும் இல்லை. பெயர் தேய்ந்து வெறும் ஒலியாய் நிற்கிறது.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கியபோது, மருமகனின் வினாவுக்கும் பெண்குட்டி எழுப்பிய வினாவுக்கும் விடை ஒன்றே என்பது விளங்கிற்று. நாய்க்கு மனிதப் பெயர் இடும்போது நாம் தெரிந்தெடுப்பது தொலைவிலுள்ள மனிதரையே. எவர் வந்து நம் வாசலில் நின்று 'என் பெயரையா வைத்தாய்?' என்று கேட்க மாட்டாரோ, அவர் பெயரே நாய்க்குத் தகுந்ததாகப் படுகிறது. சென்னை அனிதா அருகில் இருப்பவர்; சிகாகோ ஜோர்டான் தொலைவில் இருப்பவர். கோபி என்பவர் அடுத்த தெருவில் இருப்பவர். டாமி கடல் கடந்தவர். பெயரிடுபவன் நெஞ்சில் அன்பிருக்கலாம், பகையிருக்கலாம். இரண்டையும் இயலச் செய்வது தொலைவே. ஆயின் ஒருவனுக்குத் தொலைவாய் இருப்பது மற்றொருவருக்கு அண்மையாய் இருக்கும். மருமகனுக்குக் கரீம் அமெரிக்காவில் இருக்கிறார். அவன் நன்னிக்கோ அப்பெயர் அவர் தொழும் அறையிலும், ஐம்பதாண்டு வாழ்விலும் இருக்கிறது.

நாம் மருமகனிடம் மற்றொரு செய்தியையும் சொன்னோம். அவன் போற்றும் ஆட்டக்காரர் பிறக்கும்போது கரீம் அல்லர். 1947இல் நியூயார்க்கில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பெர்டினான்ட் லூயிஸ் அல்சிண்டர். கல்லூரி ஆட்டத்தில் அவர் உயரம் கண்டு எதிரணிகள் மலைத்த நாளில், 1967 முதல் 1976 வரை, பந்தை வளையத்துக்கு மேலிருந்து திணிப்பதையே கல்லூரிப் போட்டிகளில் தடை செய்துவிட்டனர். அத்தடை அவரை எண்ணியே வந்தது என்று பலரும் கருதினர். அத்தடைக் காலத்திலேதான் அவர் தம் ஸ்கைஹூக் வீச்சை மெருகேற்றினார். 1968இல் இசுலாத்தைத் தழுவினார். 1971இல் மில்வாக்கி அணிக்கு வாகை சூடித் தந்த மறுநாள், இனித் தம் பெயர் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகறியச் செய்தார்.

அல்சிண்டர் என்னும் பெயரை ஏன் உதறினார்? தம் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளியின் பெயர் அது என்பதை அவரே பலமுறை விளக்கியிருக்கிறார். அடிமை முறை நிலவிய காலத்தில் முதலாளிமார் தாம் விலைக்கு வாங்கிய மனிதருக்குச் சீசர், பாம்ப்பே, கேட்டோ என்றெல்லாம் உரோமப் பெருமக்களின் பெயர்களை இட்டனர். வேட்டை நாய்க்கும் அவ்வாறே இட்டனர். பெயரிடுபவன் உடையவன், பெயரேற்பவன் உடைமை. அந்நிலையிலிருந்து விடுபட்டு, 'நான் எவருக்கும் உடைமையல்லேன், வல்லவனாம் இறைவனுக்கே அடியேன்' என்னும் பொருளமைய அப்துல் ஜப்பார் என்ற பெயரைத் தாமே தேர்ந்து கொண்டவர் அவர். அத்தகைய பெயரை எடுத்து, கழுத்தில் பட்டை கட்டிய ஓர் உயிரின்மேல் நாம் ஏற்றினால் அவரைப் போற்றினோம் ஆவோமா? மருமகன் நெடுநேரம் பேசவில்லை. "இது எனக்குத் தெரியாது மாமா. நான் அவர் புள்ளிகளை மட்டும்தான் எண்ணினேன்" என்றான்.

இதனால் நாய் இழிந்தது என்று எவரும் கொள்ள வேண்டா. திருமறையின் குகைவாசிகள் வரலாற்றில், குகை வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் காவலிருந்த நாய் குறிக்கப்படுகிறது. விரிவுரையாளர் மரபு அதற்குக் கித்மீர் என்று பெயரும் கூறும். நம் தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாண்டபின் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அவனது நாய் அக்கல்லில் உருவமும் பெயரும் பெற்றது. அதன் பெயர் கோவிவன். கன்னட நாட்டிலும் இதற்கு இணை உண்டு. கி.பி. 949-950ஆம் ஆண்டைச் சார்ந்த ஆதகூர்க் கல்வெட்டு காளி என்னும் வேட்டை நாயைப் பாடுபொருளாகக் கொண்டது. தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன், கங்க மன்னன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்றது அந்நாய். காட்டுப்பன்றியோடு பொருது அதனைக் கொன்று தானும் மாண்டது. அக்கல் இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இரு நாய்கள், ஆயிரம் ஆண்டு கடந்தும் பெயரோடு நிற்கின்றன. அவை வேறெவர் புகழையும் கடன் பெறவில்லை. தம் செயலால் தம் பெயரைக் கல்லில் ஏற்றிக்கொண்டன. நாய்க்குச் செய்யத்தக்க சிறப்பு அதுவே அன்றோ?

மறு வாரம் மருமகன் ஓசூரிலிருந்து வந்தபோது ஒரு முடிவோடு வந்தான். கரீம் அப்துல் ஜப்பார் மில்வாக்கி அணியிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியிலும் அணிந்த சட்டையின் எண் 33. அவ்விரு அணிகளும் அவர் பெருமை கருதி அவ்வெண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்துள்ளன. "எண்ணுக்குச் சாதியும் இல்லை, உறவும் இல்லை. இதன் பெயர் தேர்ட்டி த்ரீ. தேர்ட்டி என்று கூப்பிடலாம்" என்றான். நாம் அன்னையாரைப் பார்த்தோம். அவர் கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையில் மணிகள் முப்பத்து மூன்று. அதனைச் சுட்டிக்காட்டிச் சிறிது சிரித்தார். பிறகு, "இது பரவாயில்லை. எண்ணிக்கை எல்லாருக்கும் பொது" என்று தீர்ப்பளித்தார். அன்று மாலையே கொட்டகை வாயிலில் நின்று, "தேட்டி! தேட்டி!" என்று சோறிட அழைத்தார். ரகர ஒற்று அவர் நாவில் நில்லாமற் போயிற்று. நாய் அதனைக் குறையாகக் கொள்ளாமல் ஓடிவந்தது.

பெயர் வைப்பது மகிழ்ச்சிக்குரிய செயல். அதனைத் தடுக்க நாம் இதை எழுதவில்லை. மாணவச் செல்வங்களே, நீவிர் நாய்க்கும் பூனைக்கும் கிளிக்கும் பெயரிடுவீர். நாளை உங்கள் மக்களுக்கும் பெயரிடுவீர். யாருடைய பெயரை எடுக்கிறீரோ, அவர் வாசலில் வந்து நிற்பதாக ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர் எதிரிலும் அப்பெயரைச் சொல்லி அதட்ட நா எழுமாயின் இடுங்கள். எழாவிடின் வேறொன்று தேடுங்கள். தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பெண்குட்டிக்கு இன்னும் பெயரில்லை என்று மருமகன் கவலைப்படுகிறான். ஆடுகளத்திலேயே வளரும் அது, இப்போது பிள்ளைகளின் செருப்புகளுக்கு இரவு பகலாகக் காவல் இருக்கிறதாம். அதற்கு ஏற்ற தனிப்பெயர் ஒன்றை அத்தொழிலே விரைவில் ஈட்டித் தரும் என நம்புகிறோம்.